தோளோடு தோள், மட்டையோடு மட்டை: சைக்கிள் போலோவில் உடல்மோதலுக்கான விதிகள்

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பரந்தனுக்கும் கரடிப்போக்குச் சந்திக்கும் இடையே ஏ-9 வீதியோரத்தில் நின்றால், இரண்டு சைக்கிள்கள் ஒட்டினாற்போல் போவதைக் காணலாம். ஒன்றின் செயின் அறுந்திருக்கும்; அதில் இருப்பவன் பக்கத்தில் வருபவனின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வீடுவரை இழுபட்டு வருவான். எரிபொருள் வராத ஆண்டுகளில் முழு வன்னியும் சைக்கிளில்தான் ஓடியது என்பதால், ஒரு கையில் ஹாண்டிலும் மறு கையில் இன்னொரு மனிதருமாக ஓடுவது இங்கே யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் பழகிக்கொள்ளும் வித்தை. அந்தக் கையை, சைக்கிளில் இருந்தபடியே நீண்ட மட்டையால் பந்தை அடித்துக் கோலுக்குள் போடும் சைக்கிள் போலோவின் ஆடுகளத்தில் ஒருவர் எதிராளியின் தோளில் வைத்தால் மத்தியஸ்தர் உடனே விசில் ஊதுவார். அதே தோளை ஒருவர் தன் தோளால் இடித்து, எதிராளியைப் பந்தின் பாதையிலிருந்து ஒதுக்கினாலோ ஆட்டம் நிற்காமல் தொடரும். மெதுவாக வைத்த கை தவறு, பலமாக இடித்த தோள் தவறில்லை என்பது முதன்முறை பார்ப்பவருக்கு அநியாயமாகவே தோன்றும். இந்த விளையாட்டின் தொடுகை விதிகள் எங்கிருந்து வந்தன, எந்த நியாயத்தின் மேல் நிற்கின்றன என்று பார்த்தால், அந்த அநியாயத்துக்குள் ஒரு கணக்கு இருப்பது தெரியவரும்.

சைக்கிள் போலோ புதிய விளையாட்டு அல்ல. 1891 இல் அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில், சைக்கிள் ஓட்ட வீரராக இருந்து சைக்கிள் சஞ்சிகையொன்றின் ஆசிரியரான ரிச்சர்ட் மெக்ரெடி என்பவர் இதைத் தொடக்கிவைத்தார். 1908 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இது காட்சி விளையாட்டாக ஆடப்பட்டபோது அயர்லாந்து ஜேர்மனியை வென்றது. இந்தியாவில் 1966 இல் இதற்கென ஒரு சம்மேளனம் உருவாகி, இன்றுவரை அங்கே ஒழுங்காகப் போட்டிகள் நடைபெறுகின்றன. இந்தப் பழைய வடிவம் புல்தரையில், ஏறக்குறைய 150 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்ட மைதானத்தில், பொதுவாக அணிக்கு நால்வர் இறங்கி, ஏழரை நிமிடக் கட்டங்கள் நான்காக ஆடப்படுவது. இன்னொரு வடிவம் மிகவும் பிந்தியது. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தில், சைக்கிளில் கடிதமும் பொதியும் விநியோகிக்கும் இளைஞர்கள் வேலை இல்லாத நேரங்களில் வாகனத் தரிப்பிடங்களில் ஆடத் தொடங்கியது அது. அணிக்கு மூவர், ரென்னிஸ் மைதானம் அளவான கடினத்தரை, தெருஹொக்கிப் பந்து. ஆடுகளம் சுருங்கியதும் மோதல் பெருகியது. அதனால்தான் தொடுகையைப் பற்றிய விரிவான விதிகள் பெரும்பாலும் இந்தக் கடினத்தரை வடிவத்திலேயே எழுந்தன.

புல்தரை வடிவம் தன் ஒழுங்கைக் குதிரைப் போலோவிடமிருந்து கடன் வாங்கியது. குதிரைப் போலோவில் ஒருவர் பந்தை அடித்ததும் அது உருளும் திசையில் ஒரு கற்பனைக் கோடு பிறக்கிறது. அந்தக் கோட்டின் வழியே பந்தைத் தொடர்ந்து வருபவருக்கே வழியுரிமை. குறுக்கே வெட்டுபவர், மோதல் நடந்தாலும் நடக்காவிட்டாலும், அவரை வேகம் குறைக்க வைத்துவிட்டாலே தவறு செய்தவராகிறார். நம்மூர்த் தாச்சி ஆடியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தாச்சியில் மறிப்பவர் கோட்டில் நிற்கும்வரைதான் அவருடைய கைக்கு அதிகாரம் உண்டு. கோட்டை விட்டு இறங்கித் தொட்டால் அந்தத் தொடுகை செல்லாது. போலோவில் கோடு சுண்ணாம்பால் போடப்பட்டதல்ல, பந்து ஒவ்வொருமுறை அடிபடும்போதும் புதிதாக முளைப்பது என்பதுதான் வித்தியாசம். கோட்டுக்குரியவரைத் தடுக்க வேண்டுமானால் குறுக்கே வரக்கூடாது. பக்கத்தில் வந்து, அவர் போகும் திசையிலேயே போய், உடம்பால் நெருக்கி அவரைக் கோட்டிலிருந்து விலக்க வேண்டும். குதிரைப் போலோவில் அப்படி நெருங்கும் கோணம் 45 பாகையை மீறினால் அது ஆபத்தான ஓட்டமாகவே கொள்ளப்படும்.

கடினத்தரையில் ஒவ்வொரு செக்கனும் பந்து திசை மாறுவதால், இந்தக் கோட்டு விதியை அங்கே அப்படியே வைத்திருக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக அந்த விநியோகத் தொழிலாளர்களிடமிருந்து வாய்மொழியாக ஒரு சூத்திரம் வந்தது: உடம்போடு உடம்பு, சைக்கிளோடு சைக்கிள், மட்டையோடு மட்டை. ஒத்ததை ஒத்ததால் தொடலாம், ஒவ்வாததால் தொடக்கூடாது. மட்டையால் எதிராளியின் மட்டையைத் தூக்கலாம், கொளுவலாம், தடுக்கலாம். அதே மட்டையால் அவருடைய கையையோ சில்லையோ தொடக்கூடாது. உடம்பால் உடம்பை நெருக்கலாம். சைக்கிளை உடம்பின் மேல் ஏற்றக்கூடாது. எழுத்தறிவில்லாதவருக்கும் ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய விதி என்பதுதான் இதன் பலம். பின்னாளில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதிக்கோவைகள் தடித்த புத்தகங்களாக வளர்ந்தபோதும், அவற்றின் அடியில் இந்த மூன்று சோடிகளே இருந்தன.

மூன்று சோடிகளும் ஒரே எடையுள்ளவை அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். உடம்பையும் மட்டையையும் பொறுத்தவரை சூத்திரம் நேர்மையாக வேலை செய்கிறது. சைக்கிளோடு சைக்கிள் என்ற இடத்தில் அது தன் எழுத்தால் அனுமதிப்பதைத் தன் நோக்கத்தால் தடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது. காரணம் சைக்கிள் எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்பதில் இருக்கிறது.

ஓடுகிற சைக்கிள் வலப்பக்கம் சரியத் தொடங்கினால், ஓட்டுபவர் தன்னையறியாமல் முன்சில்லை வலப்பக்கம் திருப்புவார், சில்லுகள் அவருடைய உடலின் கீழே வந்துசேரும், சைக்கிள் நிமிரும். விழும் பக்கத்துக்கே திருப்பித் தப்புவதுதான் சைக்கிள் ஓடுவதன் முழு இரகசியமும். இப்போது ஒரு வளர்ந்த பையன் நம்மூரில் ஓடும் இருபத்தெட்டு அங்குலச் சில்லுச் சைக்கிளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவனுடைய தோள் தரையிலிருந்து ஏறத்தாழ 1.4 மீற்றர் உயரத்தில் இருக்கும். முன்சில்லின் அச்சு ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். சாதாரணதர விஞ்ஞானத்தில் படித்த விசையின் திருப்பத்தை நினைவில் கொண்டால், ஒரே விசை தோளில் பட்டால் அச்சில் பட்டதைப்போல் நான்கு மடங்கு சரிக்கும் ஆற்றலைப் பெற்றிருக்கும். அப்படியானால் தோளில் இடிப்பதுதானே ஆபத்து, சில்லில் இடிப்பதைத்தானே அனுமதிக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. தோளில் இடிபட்டவன் அதை உடனே உணர்கிறான். சரியும் பக்கம் சில்லைத் திருப்புகிறான். இடித்தவன்மீதே சாய்ந்து அவனையே ஊன்றுகோலாக்கிக்கொள்கிறான். சில்லில் இடிபட்டவனுக்குச் சிறிய விசைதான் கிடைத்தது, ஆனால் திருப்பித் தப்புவதற்கு இருந்த ஒரே கருவியையும் அந்த விசை பறித்துவிட்டது. முன்சில்லு அடைபட்ட சைக்கிளில் இருப்பவனுக்கு விழுவதைத் தவிர வேறு வழி இல்லை.

வீதியில் இதையே வேறு விதமாகப் பார்த்திருப்போம். முன்னால் போகிறவரின் பின்சில்லோடு பின்னால் வருகிறவரின் முன்சில்லு பக்கவாட்டில் உரசினால், முன்னால் போனவர் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். விழுபவர் பின்னால் வந்தவர்தான். ஆகவே சைக்கிளோடு சைக்கிள் என்று விதி சொல்லும்போது, இரண்டு சைக்கிள்களின் எந்தப் பாகம் எந்தப் பாகத்தைத் தொடலாம் என்ற கேள்வி உடனே எழுகிறது. பிறேமோடு பிறேம், பக்கவாட்டில், ஒரே திசையில் என்றால் பெரும்பாலான மத்தியஸ்தர்கள் விட்டுவிடுவார்கள். எதிராளியின் முன்சில்லைத் தன் சில்லால் வெட்டுவதும், செங்குத்தாக வந்து அவருடைய சைக்கிளின் நடுவில் குத்துவதும் எழுத்தில் சைக்கிளோடு சைக்கிள்தான். ஆனாலும் எல்லா இடங்களிலும் தவறாகவே பார்க்கப்படுகின்றன.

செங்குத்து மோதல் ஏன் அவ்வளவு கடுமையாகப் பார்க்கப்படுகிறது என்பதை ஒரு சிறிய கணக்கால் காட்டலாம். இருவரும் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறார்கள். ஒருவர் மற்றவரின் பாதைக்கு 10 பாகைக் கோணத்தில் நெருங்கினால், அவருடைய வேகத்தில் பக்கவாட்டாக எதிராளியின் மேல் படும் பகுதி மணிக்கு 2.6 கிலோமீற்றர் மட்டுமே. அது நடந்துபோகிறவர் முட்டுவதைவிடவும் குறைவு. கோணம் 30 பாகையானால் அது 7.5 ஆகும். 90 பாகையில் முழு 15 உம் படும். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், செங்குத்து மோதலில் பக்கவாட்டாக இறங்கும் சக்தி 10 பாகை மோதலில் இறங்குவதைப்போல் முப்பது மடங்குக்கும் மேலாகும். ஓட்டக்காரர்களும் அதே ஆட்கள், வேகமும் அதே வேகம். கோணம் ஒன்றுதான் மாறியது. அனுபவமுள்ள மத்தியஸ்தர் சத்தத்தைப் பார்ப்பதில்லை என்று சொல்வது இதனால்தான். பெரிய சத்தத்தோடு நடந்த தோள் மோதல் 10 பாகையில் நடந்திருக்கலாம். சத்தமே இல்லாமல் ஒருவர் விழுந்தது 70 பாகையில் வந்த முன்சில்லால் இருக்கலாம்.

உடம்பைப் பொறுத்தவரை அனுமதிக்கப்பட்ட பரப்பு தோளிலிருந்து இடுப்புவரை, அதுவும் பக்கவாட்டில் மட்டும். முதுகில் இடிப்பது, பின்னாலிருந்து தள்ளுவது, முழங்கையை நீட்டுவது, தலையால் அல்லது தலையில் மோதுவது எல்லாம் தவறு. உதைபந்தாட்டத்தில் தோளோடு தோள் இடிப்பதை நாம் ஏற்கனவே அறிவோம்; அங்கே அது கவனக்குறைவாகவோ பொறுப்பற்ற விதத்திலோ மிதமிஞ்சிய விசையோடோ நடந்தால்தான் குற்றம். போலோவிலும் ஏறக்குறைய அதே அளவுகோல்தான், ஆனால் ஒரு நிபந்தனை கூடுதலாக இருக்கிறது. உதைபந்தாட்டக்காரருக்கு இரண்டு கால்கள் தரையில் உண்டு. போலோக்காரருடைய கால் தரையில் பட்டால் அதுவே தண்டனை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் தொடுகை விதிகள் முழுவதற்கும் உயிர் கொடுப்பது இந்தக் கால் ஊன்றும் விதிதான். கடினத்தரைப் போலோவில் ஒருவருடைய கால் தரையைத் தொட்டுவிட்டால் அவர் ஆட்டத்தில் பங்கெடுக்கும் உரிமையை அந்தக் கணமே இழக்கிறார். மைதானத்தின் நடுக்கோட்டு ஓரத்தில் குறித்த இடத்துக்கு ஓடிப்போய், அங்கே மட்டையால் தட்டிவிட்டுத்தான் மறுபடி பந்தைத் தொடலாம். மூவர் அணியில் ஒருவர் சில செக்கன்கள் இல்லாமற்போவது மூன்றில் ஒரு பங்கு பலம் இல்லாமற்போவதற்குச் சமம். ஆகவே தோளால் நெருக்குவதன் நோக்கம் எதிராளியை வீழ்த்துவது அல்ல. அவருடைய சமநிலையைக் கொஞ்சம் கெடுத்து, ஒரு காலை ஊன்ற வைப்பது. நல்ல ஆட்டக்காரர் இடிப்பதைவிட அதிகமாகச் சாய்கிறார். பக்கத்தில் வந்து, தோளைத் தோளில் வைத்து, மெதுவாகப் பாரத்தை ஏற்றுகிறார். எதிராளியும் அதே அளவுக்குச் சாய்ந்தால் இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு, கூரைக்கு முட்டுக்கொடுத்த இரண்டு மரங்களைப்போல, ஆளுக்கொரு பக்கம் விழாமல் ஓடுவார்கள். பிறகு ஒருவர் திடீரென்று விலகுவார். தாங்கல் இல்லாத மற்றவர் சரிந்து காலை ஊன்றுவார். விலகியது தவறா? இல்லை. யாரும் யாரையும் தாங்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இந்த விளையாட்டில் நான் பார்த்த மிக அழகான தந்திரம் இதுதான். ஒரு துளி பலமும் அதில் செலவாவதில்லை.

கைக்கு ஏன் இடமில்லை என்ற கேள்விக்கு இப்போது வரலாம். போலோ ஆடுபவரின் ஒரு கையில் மட்டை இருக்கிறது. மறு கை ஹாண்டிலையும் பிறேக்கையும் பிடித்திருக்கிறது. அவர் எதிராளியைக் கையால் தள்ள வேண்டுமானால், ஒன்றில் ஹாண்டிலை விட வேண்டும், அல்லது மட்டையோடு சேர்த்து முட்டியை எதிராளியின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். முதலாவது வழியில் திருப்பவும் நிறுத்தவும் ஆளில்லாத சைக்கிள் ஒன்று உருவாகிறது. இரண்டாவது வழியில் மட்டைக்கும் உடம்புக்குமான தடை உடைகிறது. தோளுக்குப் பிடிக்கத் தெரியாது, கைக்குத் தெரியும் என்பதும் ஒரு காரணம்: சேட்டைப் பிடித்து இழுத்தால் எதிராளி விலகித் தப்ப முடியாது. ஏ-9 வீதியில் தோளில் கைபோட்டு வரும் பையன்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள்.

மட்டை பற்றிய விதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தோளுக்கு மேலே வீசக்கூடாது என்பது ஆட்கள் அருகில் இருக்கும்போது கண்டிப்பானது. எதிராளியின் மட்டையைக் கொளுவலாம், ஓங்கி வெட்டக்கூடாது. எறியக்கூடாது. சில்லுக்கு முன்னால் நீட்டக்கூடாது. உடைந்த மட்டையோடு தொடர்ந்து ஆடக்கூடாது. சர்ச்சைக்குரியது ஒன்றே ஒன்று: பல ஆட்டக்காரர்கள் மட்டையைத் தரையில் ஊன்றி அதை மூன்றாவது காலாகப் பயன்படுத்திச் சைக்கிளை நிறுத்திவைப்பார்கள். அப்படி ஊன்றிய மட்டையை இன்னொருவர் தன் மட்டையால் தட்டிவிட்டால் ஊன்றியவர் விழுவார். மட்டையோடு மட்டைதான், ஆனால் உண்மையில் தட்டப்பட்டது அவருடைய ஊன்றுகோல். பந்து அருகில் இருந்தால் ஆட்டம், இல்லாவிட்டால் தவறு என்று பிரித்துப் பார்ப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

பந்து எங்கே இருந்தது என்ற அந்தக் கேள்வி மற்ற எல்லாத் தொடுகைக்கும் பொருந்தும். பந்து வைத்திருப்பவரையும் பந்துக்காகப் போட்டியிடுபவரையும் நெருக்கலாம். மைதானத்தின் மறுகோடியில் சும்மா நிற்பவரை நெருக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. பந்தில்லாதவரின் வழியைச் சைக்கிளால் அடைத்துத் தன் அணிக்காரருக்கு இடம் பிடித்துக்கொடுப்பது ஆரம்பகாலத்தில் பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை. போட்டிகள் பெருகிய பிறகு அது இறுக்கப்பட்டது.

தண்டனைகளும் இந்த ஒழுங்கிலேயே ஏறுகின்றன. கடினத்தரையில் சிறிய தவறுக்குப் பந்து மறுபக்கத்துக்குக் கொடுக்கப்படும். அதற்கு மேற்பட்டால் 30 செக்கன், இன்னும் கடுமையானால் இரண்டு நிமிடம் ஒருவர் வெளியே இருக்க வேண்டும்; ஆபத்தை அறிந்தே செய்தவர் அந்த ஆட்டத்தை விட்டே அனுப்பப்படுவார். புல்தரையில் தவறின் இடத்தையும் கடுமையையும் பொறுத்துச் சுதந்திர அடி வழங்கப்படும், அட்டைகளும் காட்டப்படும்.

இவையெல்லாம் அலுமினியப் பிறேமும் சிறிய சில்லும் கொண்ட, போலோவுக்கென்றே கட்டப்பட்ட சைக்கிள்களை மனத்தில் வைத்து வளர்ந்த விதிகள். நம்மிடம் இருப்பது அதுவல்ல. சென்ற ஆண்டு சிறுபோகம் முடிவதற்கு முன்பு, வட்டக்கச்சிப் பக்கத்தில் நெல் காயவிடும் சீமெந்துத் தளம் ஒன்றில் சில இளைஞர்கள் ஆடத் தொடங்கியிருந்தார்கள். நானும் ஒரு பின்னேரம் போய் இறங்கினேன். நெல் வந்துவிட்டால் தளம் கிடைக்காது. இருந்தவை கரியரும் ஸ்ராண்டும் மட்கார்ட்டும் பூட்டிய பெரிய சைக்கிள்கள், பாதிக்கு மேல் லுமாலா. கச்சான் காற்று குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. பத்தாவது நிமிடம் இரண்டு பையன்கள் ஒரே பந்துக்கு வந்தார்கள், கோணம் நன்றாக இருந்தது, தோளோடு தோள்தான், ஒரு மத்தியஸ்தரும் விசில் ஊதியிருக்க மாட்டார். ஆனால் ஒருவனின் பெடல் மற்றவனின் பின்சில்லுக் கம்பிகளுக்குள் போய்விட்டது. படபடவென்று கம்பிகள் முறிகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் நின்றுவிட்டோம். சில்லைக் கழற்றி அடுத்த நாள் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனபோது கடைக்காரர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது ஓடின சில்லோ, மாடு உழக்கின சில்லோ?" என்று கேட்டார். ஏழு கம்பிகள் போயிருந்தன.

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு எனக்குத் தெளிவானது, இங்கே தொடுகை விதி மைதானத்துக்கு வருமுன்னே சைக்கிள் கடையில் தொடங்க வேண்டும் என்பதுதான். கரியரும் ஸ்ராண்டும் மட்கார்ட்டும் கழற்றப்பட வேண்டும். ஹாண்டிலின் இரண்டு முனைகளும் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். பிடி கழன்ற வெறும் குழாய் வயிற்றில் குத்தினால் அது வட்டமாக வெட்டிக்கொண்டு போகும் என்பதால், வெளிநாட்டு விதிக்கோவைகளும் இதை விட்டுக்கொடுப்பதில்லை. பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் தகடு அல்லது தடித்த பிளாஸ்ரிக் மட்டை கட்டினால் பெடலும் போலோ மட்டையும் கம்பிக்குள் போகாது. போலோ ஆடும் ஊர்களில் அப்படிச் சில்லை மூடிக்கொண்டு ஆடுபவர்கள் ஏராளம். மட்டையின் தலைக்கு வெள்ளை பீவீசீக் குழாய் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அது வெடித்தால் கண்ணாடிபோல் கூராக உடையும். தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற கறுப்புப் பொலித்தீன் குழாயில் ஒரு துண்டு வெட்டினால் அது நசியும், உடையாது. தலைக்கவசம் பற்றிப் பேச்சே தேவையில்லை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் பாரம்தான், காதையும் அடைக்கும், ஆனாலும் சீமெந்துத் தரையில் வெறுந்தலையோடு ஆடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பிறேக்கைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நம்மூர்ச் சைக்கிள்களில் வலப்பக்கப் பிடி பெரும்பாலும் முன்சில்லையும் இடப்பக்கப் பிடி பின்சில்லையும் நிறுத்தும். வலக்கையில் மட்டை பிடித்தவருக்கு மிஞ்சுவது இடக்கை, அதாவது பின்சில்லுப் பிறேக் மட்டும். மணலோ நெல் உமியோ கிடக்கும் தளத்தில் அதை இறுக்கிப் பிடித்தால் பின்சில்லு வழுக்கிப் பக்கவாட்டில் சுழன்று வரும். அப்படி வழுக்கி வந்த சைக்கிள் எதிராளியின் சைக்கிளில் மோதினால் அது செங்குத்து மோதல்தான், ஓட்டியவர் நினைத்திராவிட்டாலும். நினைத்துச் செய்யவில்லை என்பது தண்டனையைக் குறைக்கலாம். தவறில்லை என்று ஆக்காது. வயரை மாற்றி இரண்டு பிறேக்கையும் இடக்கைக்குக் கொண்டுவர அரை மணிநேரம் போதும். கம்பி பிறேக் உள்ள பழைய சைக்கிளில் அதைச் செய்ய முடியாது, அந்தச் சைக்கிள்களைக் கோல் காப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

விதிப்புத்தகங்கள் பேசாத இன்னும் இரண்டு விடயங்கள் வன்னிக்கு உண்டு. கடினத்தரைப் போலோ மைதானத்தைச் சுற்றிப் பலகை இருக்கும். பலகையோரத்தில் எதிராளியை நசுக்குவதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. இங்கே பலகைக்குப் பதிலாக இருப்பது பல இடங்களில் சீமெந்துத் தூணில் இழுத்த முட்கம்பி வேலி. வேலியிலிருந்து இரண்டு மீற்றருக்குள் உடம்புத் தொடுகையே கூடாது என்று கோடு போட்டுவிடுவதைத் தவிர வேறு விதமாக இதைக் கையாள முடியும் என்று நான் நினைக்கவில்லை. மற்றது உடம்பைப் பற்றியது. 2009 இற்கு முன் இங்கே பிறந்து வளர்ந்தவர்களில், எறிகணைச் சிதறலை இன்னமும் உடம்பில் சுமப்பவர்களும் பழைய காயத்தால் ஒரு தோளையோ ஒரு பக்க விலாவையோ காக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. தொடுகை இல்லாத ஆட்டமா, சாய்வது மட்டும் அனுமதிக்கப்பட்ட ஆட்டமா, முழுத் தொடுகையா என்பதை ஒவ்வொரு பின்னேரமும் தொடங்குமுன்னே கேட்டுத் தீர்மானிப்பதும், யார் கேட்டதற்காகத் தொடுகை நிறுத்தப்பட்டது என்று விசாரிக்காமல் விடுவதும் விதியாகவே இருக்க வேண்டும். கபடியில் பிடிபடப் பயப்படுகிறவன் பாடிப் போகக்கூடாது என்ற பேச்சு இங்கே எடுபடாது.

மத்தியஸ்தர் எங்கே நிற்பது என்பதும் தொடுகை விதியின் ஒரு பகுதியே. பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு சைக்கிள்கள் ஒன்றையொன்று மறைக்கும். யார் முன்னால் என்பது தெரியும், என்ன கோணம் என்பது தெரியாது. கோலுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் நிற்பவருக்குத்தான் இருவரின் பாதைக்கும் இடையிலான விரிவு தெரியும். அந்தத் தளத்தில் ஒரு பழைய உழவு இயந்திரப் பெட்டி கிடந்தது. அதன்மேல் ஏறி நிற்கப் பழகிய பிறகுதான் எங்கள் சண்டைகள் பாதியாகக் குறைந்தன.

களஞ்சியச் சுவரில் பையன்கள் விதிகளைக் கரியால் எழுதிவைத்திருக்கிறார்கள். முதலாவது வரி: கை வைக்கக்கூடாது. இரண்டாவது: முதுகில் முட்டக்கூடாது. மூன்றாவது: மட்டையை மட்டையால் மட்டும். நாலாவது வரியில் முதலில் "சைக்கிளைச் சைக்கிளால் முட்டலாம்" என்று இருந்தது. கம்பி முறிந்த அடுத்த கிழமை "முட்டக்கூடாது" என்று மாற்றப்பட்டது. பிறகு யாரோ "முன்சில்லில்" என்ற சொல்லை மேலே இடுக்கி எழுதியிருந்தார்கள். கடைசியாக நான் போனபோது அந்த வரி முழுவதும் ஈரத்துணியால் துடைக்கப்பட்டு, கீழே இரண்டு பேர் கரித்துண்டோடு தர்க்கித்துக்கொண்டு நின்றார்கள்.